கியர் விழாத கார்

ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரத்தில் தேர்வு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். அரசு வேலைக்கான வயது வரம்பு எனக்கு இந்த வருஷத்தோடு சரி. இது தெரிந்தும் என் வீட்டுக்காரர் இசக்கிதுரை, வாலாஜாபாத் தாண்டியதும் காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் போகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! போன வாரம் வாங்கிய பழைய காரில் பொண்டாட்டியைக் கொண்டுபோய் இறக்க வேண்டுமாம். நைட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவர், யூனிபார்மோடு அப்படியே வண்டியை எடுத்தார். பூஜை போட்ட வண்டியாயிற்றே! சேஃப்டி ஷூவைக் கழற்றி சீட்டுக்கு முன்னால் ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் ஓட்டுவார்.

நன்றாக வந்த வண்டி, ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்ததிலிருந்து முரண்டு பிடித்தது. கியர் விழவே இல்லை. தள்ளினால் கர்ரென்று கத்தியது.

"கீழ ஏதும் மாட்டியிருக்கான்னு பாருங்களேன்," என்றேன்.

"சும்மா இருட்டி. கம்பெனியில கியர்பாக்ஸ் மாட்டுத லைன்ல நிக்கது நீயா நானா? உள்ள பல்லு தேஞ்சு போச்சு. இறக்கித்தான் பாக்கணும்."

அப்புறம் லைனில் கூட வேலை செய்யும் வேல்ராஜுக்குப் போன். இருவருமாகக் கியர்பாக்ஸை வாயாலேயே கழற்றி மாட்டினார்கள். நான் கை காட்டிய ஷேர் ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை.

"ஏறி கிளட்ச மிதி. சத்தம் எங்கன வருதுன்னு கேக்கேன்."

மிதித்தேன். பாதியில் முட்டி நின்றது. குனிந்து பெடலுக்கு அடியில் கைவிட்டு இழுத்தால், முனையில் இரும்பு வைத்த அவருடைய ஷூ! அதை எடுத்ததும் கிளட்ச் முழுக்க இறங்கியது; கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"இதுதான் தேஞ்ச பல்லா?" என்று அவர் முன்னால் விட்டெறிந்தேன்.

"பிரேக்குல நகந்திருக்கு. யாருக்குத் தெரியும்?" என்று முனகிக்கொண்டே ஏறினார். மீதி வழி முழுக்க எதிரே லாரி வந்தால்கூடத் திட்டத்தான் வாய் துடித்தது.

போய்ச் சேர்ந்தபோது காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

"டைம் ஆய்ட்சிமா. உள்ள வுட மாட்டேன்."

இவர் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடி வந்து, கேட் இடுக்கில் கையைக் கொடுத்தார்.

"கைய எட்பா, நசுங்கிடும்!"

"நசுங்கட்டும்யா. லேட்டானது என் தப்பு. அவ மேல ஒரு தப்பும் கெடையாது. அவள மட்டும் விடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் 'என் தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. காவலாளி இழுப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்க நேரமில்லாமல், அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினேன்.