இரவல் பிரேக்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்த விதத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

1962 ஐப்பசி. நத்தத்தில் ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பினேன். என் மோட்டார் சைக்கிள் திண்டுக்கல் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. தூறல் பட்டால் போதும், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற அதன் மேக்னெட்டோவுக்கு ஜன்னி வந்துவிடும். தள்ளிக்கொண்டு போய் நாச்சிமுத்துவின் ஷெட்டில் நிறுத்தினேன். ஒட்டன்சத்திரத்துக்காரன். கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் ஒரு பக்கம் கதை சொல்லும். மேக்னெட்டோவைக் கழற்றிக்கொண்டே பூ வண்டிக்காரன் சடையாண்டியின் கதையைச் சொன்னான். நான் வாயைப் பிளந்துகொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவன் திரும்ப மாட்டியது என் மேக்னெட்டோதானா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் சொல்கிறேன், நீங்கள் இதைப் படிக்கும்போது என் கை மேலும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

“சடையாண்டி நல்லவன்.” (எனக்கெப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.)

“கணவாய் இறக்கத்தில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் வரிசையாக…” (மரத்தில் ஆரம்பித்த எந்தக் கதையையும் நான் முழுசாகப் படித்ததில்லை.)

“போன வருஷம் வண்டி மரத்தில் மோதியபோது தன் புருஷன் விழுந்தானா, குதித்தானா என்று சின்னக்கண்ணுவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.”

மூன்றாவதுதான் கதை. ஆனால் அதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவசரப்படுகிறவர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம். போனால் பிறகு என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

3

சடையாண்டியின் வண்டி மிலிட்டரி டிஸ்போசலில், அதாவது பட்டாளம் கழித்துப்போட்டு ஏலம் விட்டதில், எடுத்த மோட்டார் சைக்கிள். இடது பக்கம் மரப்பெட்டி ஒன்றைச் சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டியிருந்தான். நத்தம் பக்கத்துத் தோட்டங்களில் விடிகாலையில் மல்லிகை எடுத்து, அந்தப் பெட்டியில் ஏற்றி, திண்டுக்கல் பூக்கடைகளுக்குக் கொண்டுவந்து போடுவான். கூலிக்குச் சரக்கு ஏற்றுவதால் சர்க்காருக்கு அது லாரி ஜாதி. வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டிக்காட்டி, ஓடத் தகுதி உண்டென்று எப்.சி. வாங்க வேண்டும். மதுரையிலிருந்து மோட்டார் இன்ஸ்பெக்டர் வருவார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். அது பொருத்தமான பெயர்தான். ஹாரன் கத்தாது, பின் விளக்கு எரியாது, ஹேண்டில் ஆடும், டயர் வழுக்கையாக இருக்கும். இதிலெல்லாம் வண்டிகள் தோற்பதுண்டு. ஆனால் முக்கால்வாசி வண்டி தோற்பது பிரேக்கில்.

(வழுக்கை டயர் என்று எழுதியதும் என் தலையை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன். இதை அச்சில் எடுத்துவிடலாம்.)

அதற்கு ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். சக்கரத்தை உள்ளேயிருந்து அழுத்தி நிறுத்துகிற பிரேக் ஷூ தேய்ந்து போயிருந்தால், நல்ல ஷூ வைத்திருக்கிறவனிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவது. எப்.சி. முடிந்த அன்று சாயங்காலமே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குகிற மாதிரிதான். யாரும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. சடையாண்டிக்கு அந்த ஷூ ஜோடி கிடைத்தது சுப்புராஜிடம். அவன் சடையாண்டியின் பெண்சாதி சின்னக்கண்ணுவின் அண்ணன், அதே மாதிரி டிஸ்போசல் வண்டி வைத்திருந்தான்.

ஆகவே இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வருஷமும் சோதித்தது சுப்புராஜின் பிரேக்கை. மறுநாளிலிருந்து வருஷம் பூராவும் ஓடியது சடையாண்டியின் பிரேக்கு.

4

சின்னக்கண்ணுவுக்குப் பூ எடைபோடத் தெரியும், பேரம் பேசத் தெரியும். சடையாண்டிக்கு இரண்டும் வராது. ஆகவே தினமும் அவளும் வண்டியில் போவாள். தோட்டத்திலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள்ளே மூட்டைகளுக்கு நடுவே கழுத்து மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பாள்.

கதை நடந்தது 1958-இல். போன வருஷம் என்று நான் சொன்னது 1957. அந்த வருஷம் எப்.சி. முடிந்து சில நாளிலேயே நத்தம் ரோட்டுக் கணவாய் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. பெட்டி புளியமரத்தில் போய் மோதியது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சடையாண்டிக்கு முழங்கையில் சிராய்ப்பு. “என்னயத் தூக்கி எறிஞ்சிருச்சு புள்ள” என்றான். ஆனால் மோதுவதற்கு முன்னாலேயே அவன் கால் ஃபுட்ரெஸ்டை விட்டு எழும்பியதை அவள் பார்த்திருந்தாள். பார்த்ததாக நினைத்தாள். அந்த நினைப்போடு ஒரு வருஷம் அவனுக்குச் சோறு போட்டாள், பக்கத்தில் படுத்தாள்.

இந்த வருஷம் எப்.சி.க்கு முதல் நாள் கேட்டாள்.

“எங்கண்ணன் ஷூவா?”

“இல்ல புள்ள. புதுசு. மதுரையில வாங்கிட்டேன்.”

“சத்தியமா?”

“பூவு மேல சத்தியமா.”

எப்.சி. பாஸ். அன்று சாயங்காலம் சுப்புராஜ் ஷூ கேட்டு வரவில்லை. ஷூ அவனுடையது இல்லை என்பதால் வராமல் இருந்திருக்கலாம். ஏற்கெனவே அவன் கைக்குப் போய்விட்டதால் வராமல் இருந்திருக்கலாம். அண்ணனிடமே கேட்டாள். “உம்புருசன் வாங்கிருக்கான்னா வாங்கிருக்கான், விடு தாயி” என்றான். கண்ணைப் பார்த்துச் சொன்னானா? நாச்சிமுத்து அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கத் தவறிவிட்டேன்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் தீர்ந்ததே என்பீர்கள். கழற்றத் தெரிந்தவன் நாச்சிமுத்து ஒருத்தன். அவனிடமும் போனாள்.

“ஏனுங்க அக்கா, ஷூ மாட்டறதுதானுங்க என்ற வேலை. ஆரோடதுன்னு கேக்கறது என்ற வேலை இல்லீங்க.”

“இப்ப உள்ள இருக்கறது நல்லதா?”

“நான் மாட்டறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு.”

திட்டிவிட்டு வந்தாள். என்ன சொல்லித் திட்டினாள் என்று கேட்டேன், நாச்சிமுத்து அதை மட்டும் விழுங்கிவிட்டான்.

5

(ஒரு சந்தேகம். பிரேக் பிடிக்காவிட்டால் ஓட்டுகிறவனுக்கும்தானே ஆபத்து, எந்த மடையன் அப்படி ஓட்டுவான்? நானும் இதில் சிக்கி இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். பிறகு நம் ஊர் ஓட்டுனர்களை நினைத்துப் பார்த்தேன். “கியர்லயே இறக்கிருவேன்” என்பார்கள். பத்து தடவை இறக்கியும் இருப்பார்கள். தட்டை ரோட்டில் எந்த ஷூவும் பிடிக்கும். சரக்கோடு இறக்கத்தில் வரும்போதுதான் தெரியும். அப்போதும் சீட்டில் இருக்கிறவன் குதிக்கலாம். பூ மூட்டைக்கு நடுவே புதைந்திருக்கிறவள் எங்கே குதிப்பாள்?)

6

எப்.சி.க்கு மறுநாள் காலை. பெட்டி நிறைய மல்லிகை. ஓட்டத்தைப் பார்க்கிறேன் என்று நாச்சிமுத்துவும் பின் சீட்டில் வந்திருந்தான். (எதற்கு வந்தாய் என்றேன். “சும்மாதானுங்க” என்றான். பூ வண்டியில் சும்மா வருகிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.) கணவாய் உச்சியில் சின்னக்கண்ணு நிறுத்தச் சொன்னாள்.

பெட்டியிலிருந்து இறங்கினாள். மூட்டை கட்டிய கயிற்றில் மிச்சம் கிடந்ததை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. இடுப்புல சுத்தி வண்டியோட சேத்துக் கட்டிக்கங்க.”

“எதுக்குடி?”

“பிரேக்கு நல்லாருக்குல்ல? அப்பக் கட்டுனா என்ன? நான் உள்ள மாட்டிக்கிட்டுத்தான வாரேன். நீங்களும் மாட்டிக்கிட்டு வாங்க.”

“என்னய நம்பலையா?”

“நம்பத்தான் கேக்கேன்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அரும்பு விரிந்துவிட்டால் கடைக்காரன் தொடமாட்டான். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து சீட்டிலிருந்து இறங்கினான்.

“எதற்கு இறங்கினாய்?” என்று ஷெட்டில் அவனைக் கேட்டேன்.

“ஒதுங்கறதுக்குங்க.”

“அந்த நேரத்திலா?”

“வந்தாப் போய்த்தானுங்க ஆகோணும்” என்றான். பதிலில் ஓட்டை எதுவும் இல்லை, ஆனாலும் எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

7

முடிவை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சடையாண்டி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, “ஷூ உங்கண்ணன்கிட்டப் போயிருச்சு புள்ள” என்று அழுகிறான். (படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். நாச்சிமுத்து சொன்னதைக் கேட்டால் அவன் அழுகிறவனாகத் தெரியவில்லை.)

இரண்டு: கட்டிக்கொள்கிறான், இறங்குகிறார்கள், பிரேக் பிடிக்கிறது, அவள் வெட்கப்படு… (ஏன் வெட்கப்பட வேண்டும்? நிறுத்திவிட்டேன்.)

மூன்று: கட்டிக்கொள்கிறான், பிரேக் பிடிக்கவில்லை. (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.)

நாச்சிமுத்து தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது இவ்வளவுதான். சடையாண்டி கயிற்றை வாங்கி, இடுப்பைச் சுற்றி, சீட்டு ஸ்பிரிங்குக்குள் விட்டு இழுத்து, முடிச்சுப் போட்டான். “போதுமா?” என்றான்.

சின்னக்கண்ணுவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக இந்த மனுஷனைப் போய் இப்படி நினைத்துவிட்டோமே என்று தோன்றியிருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குள் ஒரு காலை வைத்தாள். அப்போது அந்த முடிச்சு கண்ணில் பட்டது.

உருவு முடிச்சு. பூ மூட்டைக்குப் போடுவது. கடைக்கு வந்ததும் நேரம் ஆகாமல் பிரிக்க வேண்டும் என்பதற்காக அப்படிப் போடுவார்கள். எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும். வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

பூ வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து அவன் கைக்கு வேறு முடிச்சுத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவளே கட்டியிருந்தாலும் அதையேதான் போட்டிருப்பாள்.

ஆனால் முடிச்சின் வால் அவன் வலது கைப் பக்கம், எட்டும் தூரத்தில் இருந்தது.

“ஏறு புள்ள, பூவு வாடுது” என்றான்.

அவளுக்கு ஒரு கால் பெட்டிக்குள்ளே, ஒரு கால் தரையில். எந்தக் காலை எடுப்பது என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.