கரண்ட் மேல் போட்ட பழி

செலியமேட்டில் எது கெட்டாலும் கரண்ட் மேல் பழியைப் போட்டுவிடலாம். மோட்டார் ஓடவில்லையா, மாவு அரைபடவில்லையா, சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்ய மறந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் கரண்ட்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்த தமிழ்க்குமரனுக்கும் இந்த வசதி நன்றாகவே பழகியிருந்தது.

மற்றவர் எழுதிய புரோகிராமைச் சோதிப்பது அவன் வேலை. புதுச்சேரியில் சுரேஷ்குமார் நடத்தும் சின்னக் கம்பெனி, கிரிப்டோ நாணயங்களைத் தானாகவே வாங்கி விற்கும் டிரேடிங் பாட் என்ற புரோகிராமைச் செய்தது. அதை எழுதியவள் தமிழ்க்குமரனின் தெருவிலேயே இருக்கும் ஜோஸ்பின். அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவன்தான். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

விலை திடீரென்று சரிந்தால், கணக்கில் காசில்லாவிட்டால், நாணயத்தின் பெயரே தப்பாக வந்தால் என்று அவன் யோசித்து யோசித்து டெஸ்ட் எழுதினான். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன். ஒரு பட்டனைத் தட்டினால் அத்தனையும் வரிசையாக ஓடும். பாஸானால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

ஒன்று மட்டும் சிவப்பிலேயே நின்றது. ஆர்டர் போன கையோடு இன்டர்நெட் லைன் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் டெஸ்ட் அது. முதலில் போனது சேர்ந்ததா என்று கேட்காமல் பாட் இன்னொரு ஆர்டர் போடக்கூடாது. அன்று காலையில் ஊரில் கரண்ட் போய்ப் போய் வந்தது, அதனால்தான் என்று நினைத்தான். கரண்ட் நிலைத்த பிறகும் ஓட்டிப் பார்த்தான்; அப்போதும் சிவப்பு. மாலைக்குள் எல்லாம் பச்சையாக வேண்டும் என்று சுரேஷ்குமார் சொல்லியிருந்தார். அந்த டெஸ்டை மட்டும் ஓட்டாதே என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனான். ஓடாத டெஸ்டுக்குச் சிவப்பு வராது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றவன் அப்புறம் பார்க்கவே இல்லை.

பாட் வேலைக்கு வந்த வாரமே எங்கோ லைன் அறுந்தது. ஒரே நாணயத்தை அது திரும்பத் திரும்ப வாங்கித் தள்ளியது. வாடிக்கையாளர் கத்திய கத்தலை சுரேஷ்குமார் வீடியோ மீட்டிங்கில் ஜோஸ்பின் மேல் அப்படியே இறக்கினார்.

"இன்னாம்மா எழுதி வெச்சிருக்க? நாளையிலேர்ந்து நீ வரவே வேணாம்."

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சு சார். தமிழு அண்ணன் பாத்துப் பாத்து எழுதுவாரு, அதுல தப்பு இருக்காது. நான்தான் எங்கியோ கோட்டை விட்டுட்டேன்."

தமிழ்க்குமரனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"தமிழு, நீ இன்னா சொல்ற?"

சட்டென்று மீட்டிங்கிலிருந்து வெளியேறி, கம்பெனி குரூப்பில் 'கரண்ட் போச்சு' என்று தட்டிவிட்டான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு கேவலமான ஆளா நான் என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஜோஸ்பினிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. 'அண்ணா, நம்ம தெருவுல கரண்ட் இருக்கு. உங்க வூட்ல மட்டும் ஃபியூஸ் போயிருக்கும். அப்பாவ அனுப்பட்டா?'

அவள் அப்பா ஜெயசீலன் ஒயரிங் வேலை செய்பவர். அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தன் வேலை போகிற நேரத்திலும் அவன் வீட்டு ஃபியூஸுக்காகக் கவலைப்பட்டாள். தமிழ்க்குமரன் கூனிக் குறுகிப்போனான். மறுபடி மீட்டிங்கில் நுழைந்தான்.

"கரண்ட் வந்துடுச்சா?" என்றார் சுரேஷ்குமார்.

"போகவே இல்ல சார். ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆச்சு, நான்தான் மறைச்சிட்டேன். அப்பவும் கரண்ட் இருந்துச்சு."

ஜோஸ்பின் முகம் இருந்த கட்டத்தை மட்டும் அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.