மூடல் படிவம்

தன் வட்டாரத்தில் எத்தனை கடைகள் தொடங்கின, எத்தனை மூடின என்று பதிவு அலுவலகத்தில் எழுதுவது அவள் வேலை. இந்தக் காலாண்டில் புதியவை பதினேழு, மூடியது ஒன்றுமில்லை.

"ராசியான கை அக்கா உங்களுக்கு," என்றாள் பக்கத்து மேசைக்காரி. "வீட்டுக்காரர் கடையும் ஓஹோன்னு ஓடுதா?"

"ஓடுது," என்றாள்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையை இழுத்து மூடி மூன்று மாதமாகிறது. மூடல் சான்றிதழ் இருந்தால்தான் புது வேலையில் சேரலாம். பக்கத்து மேசைக்காரி பார்த்துவிடுவாளே என்று அவள் அவன் கொடுத்த மூடல் படிவத்தைப் பதியவே இல்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்று தினமும் அவனிடம் புளுகினாள்.

மறுநாள் அவனே இன்னொரு படிவத்தோடு வந்து நின்றான்.

"மேடம், கடையை மூடணும்," என்றான், முன்பின் தெரியாதவன் போல.

"இங்க கையெழுத்துப் போடுங்க சார்," என்றாள் அவளும். சொன்ன பிறகு அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.