இரண்டாம் யூனிட்டின் பொறுப்பு

ஐந்து வயதில் எனக்கு நீலச் சாயம் பூசிக் குட்டிக் கிருஷ்ணனாக நிறுத்தினார்கள். பத்து வயது வரை பையன் வேடம்தான். பதின்மூன்றில் உயரம் கூடியது, வேடம் நின்றது. அதன்பின் குழு நடனம், உதவி இயக்கம், கடைசியில் இரண்டாம் யூனிட் இயக்கம். நாயகன் தேவைப்படாத காட்சிகள் எல்லாம் எங்கள் தலையில்: வெள்ளம், தீ, துரத்தல், கூட்டம். தெலுங்கு சினிமாவில் நாற்பத்தெட்டு வருடம். பாதிப் படங்களில் என் பெயரே வராது. வந்தாலும் ‘பேபி கனகம்’ என்றுதான் வரும். கனகதுர்கா என்று எழுதிக் கொடுத்தால் சிரிப்பார்கள்.

போன ஆவணியில், ராஜமுந்திரிக்கு மேலே, கோதாவரியில் படகு கவிழும் காட்சி. வெள்ளம் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கேட்டது மூன்று மீட்புப் படகுகள். வந்தது ஒன்று. துணை நடிகர்கள் நாற்பது பேரையும் நிறுத்தி, நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். பதினேழு பேருக்குத் தெரியவில்லை. துனி என்ற ஊரிலிருந்து வந்த நூகரத்னம் மட்டும் தயங்கினாள்.

“தெரியாதுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களாம்மா?”

“போய் நிழல்ல உக்காரு. இன்னிக்கு யாரும் தண்ணியில இறங்கல.”

இயக்குநர் பிரணீத்துக்குச் செய்தி போனது. முப்பத்தொரு வயது, இரண்டாவது படம். மதியம் காரில் வந்து இறங்கினார்.

“என்ன பேபி ஆன்ட்டி, இடுப்பளவு தண்ணிக்கு இவ்ளோ கலாட்டா?”

“கரையில இடுப்பளவு பாபு. படகு கவிழுற இடத்துல ரெண்டு ஆள் ஆழம். மிச்ச படகும் வரட்டும், நாளைக்கு எடுக்கலாம்.”

“நாளைக்கு இந்த வெளிச்சம் வருமா? கிருஷ்ணன் வேஷம் கட்டினவங்க தண்ணிக்குப் பயப்படலாமா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நான் ஆக்‌ஷன் சொல்லமாட்டேன்.”

“நான் சொல்லிக்கிறேன். தள்ளுங்க!”

என் மைக்கைப் பிடுங்கி, நிழலில் இருந்த நூகரத்னத்தையும் சேர்த்து நாற்பது பேரையும் படகில் ஏறச் சொன்னார். ஓடிப்போய்க் கரையோரம் நின்ற படகை மறித்தேன். தயாரிப்பு மேலாளரின் ஆட்கள் இருவர் என் தோளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ஆழத்துக்குப் போன படகு, சாயவேண்டிய அளவைத் தாண்டிச் சாய்ந்து, முழுதாகப் புரண்டது. முப்பத்தொன்பது பேரைக் கரையேற்றினோம். நூகரத்னம் மறுநாள் காலை இரண்டு மைல் தள்ளி, நாணலில் சிக்கிக் கிடைத்தாள்.

அன்றே தயாரிப்பாளரின் அறிக்கை டிவியில் ஓடியது. ‘காட்சியைப் படமாக்கியவர் இரண்டாம் யூனிட் இயக்குநர் திருமதி கனகதுர்கா. முழுப் பொறுப்பும் அவருடையதே. பிரணீத் அவ்விடத்தில் இல்லை.’

கனகதுர்கா! ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தான் என் முழுப் பெயர் அவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

கேமராமேன் அப்பன்னாவின் அறைக்குப் போனேன். படகு சாய்ந்த காட்சி அவனுடைய கேமராவில்தான் பதிவாகியிருந்தது, பிரணீத் போட்ட சத்தமும்.

“மெமரி கார்டைக் குடு அப்பன்னா.”

“எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கக்கா. இந்தத் தொழில விட்டா வேற எதுவும் தெரியாது.”

“நூகரத்னத்துக்கும் ஒரு பொண்ணு இருக்கு. பாடிய வாங்க அதுதான் வந்திருக்கு.”

அவன் பையிலிருந்து கார்டை எடுத்து மேசைமேல் வைத்தான். “நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வர்றப்ப மேசைமேல என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாக்கமாட்டேன்,” என்று சொல்லி வெளியே போனான்.

காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். “பெரிய இடம், யோசிச்சுக்குங்கம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“யோசிச்சுட்டுதான் வந்தேன். போட்டுப் பாருங்க.”

போட்டார். ‘தள்ளுங்க, இன்னும் சாய்ங்க, எனக்கு அலறல் வேணும்!’ என்று பிரணீத்தின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டுவிட்டு, புகாரை எழுதக் காகிதத்தை எடுத்தார்.

பிரணீத்துக்கு நான்கே நாளில் ஜாமீன் கிடைத்தது. படம் வெளியாகி நன்றாக ஓடியது. அந்தக் காட்சியை வெட்டவில்லை. என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ராஜமுந்திரியில் வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போகிறேன். நூகரத்னத்தின் மகளும் வருகிறாள், பக்கத்தில் உட்காருகிறாள். பிரணீத் எங்கள் பக்கம் திரும்புவதில்லை. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.