இரண்டு மூட்டை உப்பு

நெஞ்சில் அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "குளத்துல தண்ணி எத்தனை டிகிரி?" பக்கத்தில் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

"எட்டு" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவ்வளவு குளிரில் அவர் வளர்க்கும் கோய் என்ற ஜப்பான் அலங்கார மீன்கள் சாப்பிடாமல் அடியில் முடங்கிக்கொள்ளும், நோய் சுலபமாகத் தொற்றும். அதற்காக வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் தண்ணீரில் ஒரு மூட்டை உப்பைக் கலப்பார்.

"நீயே கலந்துடு. என் தங்கச்சிகிட்ட சொல்லாத, அவ காரியத்தைக் கெடுத்துடுவா" என்றார். டாக்டர் வேறு, அவர் மனசு பதறவே கூடாது என்று சொல்லியிருந்தார். சரியென்று தலையாட்டினேன்.

அடுத்த நாள் காலையில் ஒரு மூட்டை உப்பை பக்கெட் பக்கெட்டாகக் கரைத்து ஊற்றினேன். இடுப்பு ஒடிந்துவிட்டது.

மறுநாள் பார்த்தால், அவர் 'முதலாளி' என்று கொஞ்சும் பெரிய சிவப்பு மீன் அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இது செத்தால் அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வேன்? குளிர்தான் காரணம் என்று நினைத்து, கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஐயோ அண்ணி, ஊத்தாதீங்க!" நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "திடீர்னு சூடு பட்டா செத்துடும்!"

"ஆமா, பெரிய மீன் டாக்டர்! கஷ்டப்பட்டு உப்புப் போட்டவ நான், எனக்குத் தெரியாதா?"

அவள் முகம் வெளிறியது. "நீங்களும் போட்டீங்களா?"

"நீங்களும்னா?"

"அண்ணா என்கிட்டயும் சொன்னார். அண்ணி மறந்துடுவா, அவகிட்ட சொல்லாம நீயே போட்டுடுன்னு. நேத்து நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒரு மூட்டையை அப்படியே கவுத்துட்டேன்."

எட்டிப் பார்த்தேன். முதலாளியை ஒட்டியே வெள்ளையாக உப்பு குவிந்து கிடந்தது. கலக்காமல் கொட்டினால் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அது சீக்கிரம் எப்படிக் கரையும்!

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். குழாயை எடு" என்றேன். அவள் குழாயை அடிவரை விட்டு, உப்போடு தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றினாள். வெளியே பீப்பாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன். நல்லவேளை, அதிலும் எட்டுதான். மீன்கள் மிரளாதபடி குவளை குவளையாக ஊற்றினோம். விரல்கள் மரத்துப்போயின.

மத்தியானம் முதலாளி மெல்ல நிமிர்ந்தது. வாலை ஒரு ஆட்டு ஆட்டி, குறுக்கே வந்த மீனை இடித்துத் தள்ளிவிட்டு நடுக்குளத்தில் போய் நின்றது. நாத்தனார் ஓவென்று அழுதாள். நானும்தான். அப்பாடா என்று ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் செய்தார். "முதலாளி எப்படி இருக்கான்?"

"ஜோரா இருக்கான்" என்றேன்.

நாத்தனார் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணா, சீக்கிரம் குணமாகி வீட்டுக்கு வாங்க. உங்களை எந்தத் தொட்டியில உப்புப் போட்டு ஊற வைக்கலாம்னு அண்ணியும் நானும் பேசிட்டிருக்கோம்."