ஆடு மொய்த்த மேடு

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அன்றைக்கு நன்றாகவே வந்தது.

ஊருணி காய்ந்து பிளந்து கிடந்தது. குடிதண்ணீருக்கு ஒரு கிணறு வெட்டியாக வேண்டும். ஆடுகள் ஓயாமல் மொய்க்கிற இடத்துக்கு அடியில் ஊற்று இருக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அவை மொய்த்ததோ பழைய வெடிமருந்துக் கொட்டகை மேட்டில். பாறை உடைக்கிற மருந்தை அங்கேதான் செய்தார்கள். சீமையில் சண்டை வந்து கந்தகம் கிடைக்காமல் மூடிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் வீரய்யா அம்பலம் அங்கேயே தோண்டச் சொல்லிவிட்டார்.

"அங்க வேண்டாங்க," என்றேன். "ஆடு உப்பை நக்கத்தான் வருது. வெடியுப்புக் கழுவுன தண்ணியெல்லாம் அங்கதான் கொட்டுனாக. கொட்டகையில சலிச்சவ எனக்குத் தெரியாதா?"

"உப்புத்தானே, மூக்காயி?"

"என் ரெண்டு ஆடும் வாய் நீலம் பாரிச்சுச் செத்துச்சே, மறந்துட்டீங்களா?"

"அது பாம்பு," என்றான் கிணறு வெட்ட மண்வெட்டியோடு வந்து நின்ற ராக்கன். எதற்கெடுத்தாலும் இவனுக்குப் பாம்பு! பாம்புக்கு வேறு வேலை இல்லையா?

விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சட்டியில் தணல் அள்ளி வந்தேன். மேட்டு மண்ணை ஒரு பிடி தூவினேன். சீறிக்கொண்டு பொறி பறந்தது; வெடியுப்புக் கலந்த மண்தான் அப்படிச் சீறும். ராக்கன் துள்ளிக் குதித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்பலம் சிரிக்கவில்லை. "அப்ப எங்கிட்டு வெட்டுறது? தாகத்துல சாகவா?"

"நான் பார்த்துச் சொல்றேன்."

மேட்டுக்குக் கீழே இருந்த கொல்லையில் முழங்கை ஆழம் தோண்டி எடுத்துத் தூவினேன். சீறியது. வண்டிப்பாதைக்கு அங்கிட்டும் சீறியது. மழைத்தண்ணீர் ஓடிய வழியெல்லாம் விஷமும் ஓடியிருக்கிறது. விடுவேனா? தணல் அவிய அவிய மாற்றிக்கொண்டு வெயிலில் அலைந்தேன். கூட வந்தவர்கள் நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள்.

கடைசியில் கொட்டகைக்கு மேலே, ஏற்றத்தில் இருந்த புஞ்சை மண்ணைத் தூவினேன். சும்மா கருகியது. மறுபடி தூவினேன். அப்படியேதான்.

அது என் புஞ்சை. என் பிள்ளைகள் குடிக்கிற வரகுக் கஞ்சி அந்த ஒரு துண்டில் விளைவதுதான். கிணற்றுக்கும், வெட்டிப் போடுகிற மண்ணுக்கும், ஊர் நடக்கிற பாதைக்கும் போனால் மிச்சம் கோழி கிளறத்தான் ஆகும்.

அம்பலம் என் முகத்தைப் பார்த்தார். "வேற எடம் பாப்பமா ஆத்தா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனே பாவி!

"வேற எடம் இருந்தா இம்புட்டு நேரம் எதுக்கு அலைஞ்சேன்?" என்று கத்தினேன். ராக்கன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, நடுப்புஞ்சையில் முதல் வெட்டை நானே போட்டேன்.