எண்பத்து நாலு கிலோ

"உங்க எடை இப்ப எவ்வளவுங்க?" என்று மனைவி கேட்டதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எண்பத்து நாலு. எப்பவும் உள்ளதுதான்."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். தினமும் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறவள் அவள்தான். அந்தக் கணக்கு உதைக்கிறது என்று அவள் கைகளுக்குத் தெரியும். இருந்தாலும், பாரத்தைக் கூட்டிப் போட்டால் அவரைத் தாங்கப்போகும் கம்பிக்கு நல்லதுதானே.

வாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போன வாரம் தூக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்தே தரையில் சரிந்தார்கள். அவர் தலை கட்டில் காலில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. "அடி பட்டுச்சா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டார்கள். கிடந்தபடியே அண்ணாந்து பார்த்தவளுக்குக் கூரையின் இரும்பு உத்தரம் கண்ணில் பட்டது. அதிலிருந்து இரண்டு கம்பி, ஒரு குறுக்குச் சட்டம், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் ஒரு செயின் பிளாக், அதில் ஒரு கான்வாஸ் தொட்டில். விஷயத்தைச் சொன்னபோது, "மூட்டை மாதிரி தூக்கப் போற" என்றார் அவர். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவளுக்கு வேலை இரும்புச் சோதனைக்கூடத்தில். கம்பிகளை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்ப்பதுதான் தொழில். எத்தனையோ கம்பிகள் இடுப்புச் சிறுத்து, படாரென்று அறுவதைப் பார்த்தாயிற்று; ஒருமுறைகூட மனம் பதறியதில்லை. இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி ஒன்றுக்காக மூன்றாவது தடவை அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். நட்டு மாட்ட மரை வெட்டிய இடத்தில்தான் கம்பி மெலியும். அந்த மெலிந்த பரப்பைத்தான் எடுக்க வேண்டும். இரும்பு நீளத் தொடங்கும் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள். இங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒரு கம்பி நூத்தித் தொண்ணூறு கிலோ தாங்கும். ரெண்டு போடுறோம்."

"நாலு பேரத் தொங்கவிடப் போறியா?"

"ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கணும்ல."

அவர் முகம் சுவரிலிருந்து திரும்பியிருந்தது.

பட்டறைக்காரர் வந்து மாட்டிக் கொடுத்தார். போகும்போது, "யானையே ஊஞ்சல் ஆடலாம்மா" என்றார். அவள் நம்பவில்லை. மணல் மூட்டைகளை ஏற்றித் தொங்கவிட்டு, நட்டுக்கடியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, மறுநாள் வந்து பார்த்தாள். கோடு நகரவில்லை. அதன் பிறகுதான் தொட்டிலை அவருக்கு அடியில் நுழைத்தாள். செயினுக்கும் தொட்டிலுக்கும் நடுவே, சோதனைக்கூடத்திலிருந்து இரவல் வாங்கி வந்த தொங்கு தராசு.

"அது எதுக்கு?"

"கணக்குச் சரியான்னு பார்க்கணும்."

சங்கிலியை இழுக்க இழுக்க, அவர் முதுகு படுக்கையை விட்டது, பிறகு கால்கள். இடக்கையால் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடி நின்றன. தொட்டிலின் மூன்று கிலோவைக் கழித்தாள். மறுபடி ஒருமுறை கழித்துச் சரிபார்த்தாள்.

"எவ்வளவு?"

"கம்பி அசையவே இல்லைங்க."

"நான் அதக் கேக்கல."

பொய் சொல்லிவிடலாம். தராசு அவளைப் பார்த்துத்தான் இருந்தது.

"அறுபத்தொண்ணு."

தொட்டில் மெதுவாக இடப்புறம் திரும்பியது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினம் தூக்குறேன்ல."

"தெரிஞ்சுமா எண்பத்து நாலுன்னு எழுதின?"

"நீங்க சொன்னீங்க, எழுதினேன்."

அவர் மூக்கால் சிரித்தார். அது சிரிப்புத்தானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"இறக்கட்டுங்களா?"

"இரு. இன்னும் கொஞ்சம் ஏத்து."

அவள் தயங்கி, இரண்டு பிடி இழுத்தாள். நின்றிருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு அவர் கண்கள் வந்திருந்தன. எதிரே அலமாரியின் மேல்தட்டு.

"இது மேல இவ்வளவு தூசி இருக்கே, நீ பார்க்கவே மாட்டியா?"

"என் கண்ணுக்கு எட்டாதுங்க."

அவர் பட்டையிலிருந்து கையை விட்டார். தொட்டில் லேசாக ஆடியது. நீட்டிய விரல் அலமாரியின் விளிம்பைத் தொட்டு, ஆட்டத்தோடு நகர்ந்து, சாம்பல் நிறத் தூசியில் நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனது.